சீல் உடையாத பெட்டி என்றால் உடைத்துக் காட்டச் சொல்லுங்கள்

‘தொழிற்சாலை சீல் அப்படியே இருக்கிறது, ஒருமுறைகூடப் பிரித்ததில்லை’ என்று போட்டு விற்கிற பழைய மாடல் கார் கிட்டை (பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி நாமே கட்டுகிற பொம்மைக் கார் பெட்டியை) வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக என்னைப் போல ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள், இதை ஒருமுறை படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். நான் புதிய கிட் மூன்று வாங்கியிருக்கக்கூடிய பணத்தை ஒரு பெட்டிக்குக் கொடுத்து ஏமாந்தேன். அது போதாதென்று அதே ஆளிடம் இன்னொரு தடவையும் ஏமாந்தேன்.

வேலையிலிருந்து வெளியே வந்த முதல் வருடம் கைக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் இருந்தேன். ஒரு ஜப்பானியக் கம்பெனியின் 1/24 கிட் ஒன்றை, அதாவது நிஜ வண்டியின் நீளத்தில் 24இல் ஒரு பங்கு இருப்பதை, வாங்கி மேஜையில் பரப்பினேன். பாகங்கள் எல்லாம் ஒரு சட்டத்தில் கிளைகிளையாக ஒட்டிக்கொண்டு வரும், ஸ்ப்ரூ என்பார்கள். ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து ஒட்ட வேண்டும். இருபது வயதில் இதைச் செய்வது வேறு, அறுபதுக்கு மேல் செய்வது வேறு. வெள்ளெழுத்துக் கண்ணாடி போதவில்லை, தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி வாங்கினேன். இடுக்கியால் பிடித்த பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று தெறித்துப் போய், இரண்டு நாள் கழித்து மனைவி வீடு பெருக்கும்போது அகப்பட்டது. “ஏங்க, இது உங்க காரோட காதா?” என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் காது என்றுதான் பெயர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்தது. சிறுவனாக இருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றில் அதன் படத்தைப் பார்த்து, கத்தரித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நிஜ வண்டி வாங்குகிற யோகம் இல்லை, பொம்மை வண்டியையாவது என் கையால் கட்ட வேண்டும் என்று ஆசை. அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய கார் கிட்டுகள் பெரும்பாலும் 1/25 அளவில் வரும். எனக்கு வேண்டியிருந்தது அந்த அளவில் பழைய பெட்டியோடு கூடிய ஒன்று. ஏன் பழைய பெட்டி என்று கேட்டால் நியாயமான பதில் கிடையாது. அந்தப் பெட்டிப் படத்தின் மேல் ஒரு மயக்கம், அவ்வளவுதான்.

பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் அது கண்ணில் பட்டது. நீலக் கட்டம் போட்ட மேஜைவிரிப்பின் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் உறை சுற்றிய பெட்டி. விரிப்பின் ஓரத்தில் சூடுபட்ட ஓட்டை ஒன்று. அந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் போனில் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். “சார், இதை இளவட்டங்க கையில கொடுக்க மனசு வரல. உங்களை மாதிரிப் பொறுமையா கட்டுறவங்ககிட்ட போய்ச் சேரணும்” என்றார். உள்ளே பாகங்கள் எல்லாம் இருக்கிறதா, திறந்து ஒரு படம் அனுப்புங்களேன் என்று கேட்டேன். “சீலை உடைச்சா அதோட மதிப்பே போயிடும் சார்” என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அப்புறம், தளத்துக்குப் போகிற கமிஷனை மிச்சப்படுத்தி விலையைக் குறைத்துத் தருகிறேன், பணத்தை நேரடியாக அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா இது என்று பிறகு மகள் கேட்டாள்.

பெட்டி வந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. என் கை இன்னும் பழகவில்லை, இதைத் தொடுவதற்கு முன்னால் மலிவான கிட் இரண்டு கட்டிப் பழகலாம் என்று அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். நான்கு மாதம். பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை மெல்லிசாக மூன்று நான்கு தடவையாக அடிக்கக் கற்றுக்கொண்டேன். பெயின்டைத் தூரத்திலிருந்து அடித்தால் அது பாதி வழியிலேயே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று விழும் என்பதை ஒரு பாடியை நாசமாக்கித் தெரிந்துகொண்டேன். அவ்வப்போது நிமிர்ந்து அந்தப் பெட்டியைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கிப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். உறை சுத்தமாக இருந்தது. உறைக்குக் கீழே பெட்டியின் மூலையில் விலைச்சீட்டு ஒன்றைப் பிய்த்த தடம். அட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பிய்ந்த இடத்தில் ஏறியிருந்த அழுக்கும் உறைக்கு உள்ளேதான் இருந்தது. கடையில் உறைமேல் ஒட்டிய சீட்டைப் பிய்த்தால் அட்டை எப்படி உரியும்? அந்த நிமிடமே வயிற்றைப் பிசைந்தது. சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஷ்ரிங்க் பிலிமும் சூடான காற்று ஊதுகிற கருவியும் யாருக்கும் கிடைக்கும், பெட்டியைச் சுற்றிச் சூடு காட்டினால் சில நிமிடத்தில் சீல் தயார். காற்று போவதற்குச் சின்னத் துளைகள் இருந்தால் தொழிற்சாலை உறை என்று சிலர் சொல்வார்கள், அதையும் நம்ப வேண்டாம், துளையிட்ட பிலிமே விற்பனைக்கு இருக்கிறது. ஜப்பானிய கிட் பலவற்றில் வெளிப்பெட்டிக்கு உறையே கிடையாது, உள்ளே பாகங்கள் இருக்கும் பைகளைத்தான் ஒட்டி மூடியிருப்பார்கள் என்பதும் எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

உறையைப் பிரித்தேன். உள்ளே கண்ணாடிப் பாகங்களின் ஸ்ப்ரூ மொத்தமும் இல்லை. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, விளக்கு மூடிகள் எதுவும் கிடையாது. இரண்டு பாகங்களை யாரோ முன்பே வெட்டி எடுத்திருந்தார்கள், வெட்டிய காம்பு தெரிந்தது. பானெட்டின் மேல் ஒரு சொட்டுப் பசை காய்ந்து, விரல் ரேகையோடு உறைந்திருந்தது. டெக்கால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்துக் காரின் மேல் ஒட்டும் படங்களின் தாள், பழுப்பேறி வெடித்திருந்தது. கூரையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் மனசு விட்டுப்போனது. டயர் அதன்மேல் சாய்ந்தே பல வருடம் கிடந்திருக்கிறது. அந்த வினைல் டயரை மிருதுவாக வைக்கச் சேர்க்கும் பொருள் மெதுவாகக் கசிந்து, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். கூரையில் டயரின் வரிகள் ஒன்று விடாமல் பதிந்திருந்தன, கார் தன் தலைமேல் தானே ஓடிப் போன மாதிரி. ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும், டயர் தின்றதற்கு விற்றவர் காரணமில்லை. உண்மையிலேயே பிரிக்காத பெட்டிக்குள்ளும் அது நடக்கும். சொல்லப்போனால், யாரும் திறந்து பார்க்காததால்தான் நடக்கும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் படித்துப் புரிந்துகொண்டேன். பாகங்களின் அடியில் பொறித்திருக்கும் ஆண்டு அச்சுக்கு உரியது, நம் கையிலுள்ள கிட் வார்க்கப்பட்ட ஆண்டு அல்ல. ஒரே அச்சை வைத்துக் கம்பெனிகள் பல தடவை மறுவெளியீடு செய்கிறார்கள். விற்றவர் ‘முதல் பதிப்பு’ என்று சொன்னதை அந்த எண் நிரூபிக்காது.

போன் செய்தேன். “சார், நான்கு மாசம் கழிச்சுச் சொன்னா எப்படி? நீங்கதானே பிரிச்சீங்க, உள்ளே இருந்ததை நீங்க தொலைச்சிருக்கலாமே” என்றார். அதே மரியாதையான குரல். அலமாரியில் அது கிடந்த நான்கு மாதம் அவருக்குத்தான் உதவியது. தளத்திடம் முறையிட்டேன், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இதோடு விட்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, மனசு கேட்கவில்லை, ரெசினில் (ஊற்றி இறுகவைக்கும் பிசினில்) வார்த்த புது பாடி ஒன்று தருகிறேன், கண்ணாடியும் சேர்த்து, அனுப்புகிற செலவும் சின்னதாக ஒரு தொகையும் மட்டும் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். சிரிக்காதீர்கள். போன பணத்தைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் பணம் போடுவது சூதாடிகள் மட்டும் செய்கிற காரியம் இல்லை.

வந்தது, யாரோ ஒரு பிளாஸ்டிக் பாடியின் மேல் சிலிகான் அச்சு எடுத்து ஊற்றிய கள்ளப் பிரதி. கதவு விளிம்பெல்லாம் காற்றுக்குமிழி. ஒரு பக்கம் கோணல். நிஜ மஸ்டாங் ஏறத்தாழ 4.6 மீட்டர் நீளம், அதை 25 ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். இது 2 மில்லிமீட்டர் குறைந்தது. பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் ரெசின் கொஞ்சம் சுருங்கும். இரண்டு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், சேஸிஸை உள்ளே பொருத்திப் பார்த்தால்தான் தெரியும், உட்காராது. கண்ணாடி என்றது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு, நாமே வெட்டிக்கொள்ள வேண்டுமாம். ரெசினைத் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போட்டுத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நமது வயதில் இதைத் தெரியாமல் செய்துவைத்தால் பணத்தோடு போகாது.

கிட்டைக் கட்டுவதற்காக வாங்குகிறவருக்குச் சீல் எதற்கு? சேர்த்து வைத்து விற்பவருக்கு அது பொருள், நமக்கு அது மூடி. இனிமேல் நான் கேட்பது இதுதான்: திறந்து, ஸ்ப்ரூ ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரப்பி, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்துப் படம் அனுப்புங்கள். வரைபடத் தாளில் உள்ள பாகப் பட்டியலோடு அந்தப் படத்தை ஒப்பிடுவேன். கண்ணாடியையும் டெக்காலையும்தான் முதலில் பார்ப்பேன், மற்றது குறைந்தால் எப்படியாவது செய்துகொள்ளலாம். டயர் எங்கே கிடக்கிறது என்று கேட்பேன். பணம் தளத்தின் வழியாகத்தான். பெட்டி வந்த அன்றைக்கே பேரனைக் கூப்பிட்டு போனில் வீடியோ எடுக்கச் சொல்லி அவன் முன்னால் பிரிப்பேன். பிறகு அலமாரியில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் தூங்கட்டும், டயரை மட்டும் தனிப் பையில் போட்டு.

அந்த மஸ்டாங்கை நான் தூக்கி எறியவில்லை. டெக்கால் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் படவிட்டதில் பழுப்பு நன்றாகவே வெளுத்தது. ஆனால் வெடிப்பு வெடிப்புதான், கிளியர் பூச்சு ஒன்று கொடுத்துத்தான் தண்ணீரில் போடத் துணிந்தேன். கூரைத் தடத்தைப் புட்டி என்கிற நிரப்பு பசை வைத்து நிரப்பித் தேய்த்தேன். பக்கக் கண்ணாடிகளைத் தட்டையான தெளிவுத் தாளில் வெட்டினேன். வளைந்த முன்கண்ணாடிக்கு மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய தாளை அதன்மேல் இழுத்துப் பார்த்தேன். ஆறு தடவை. ஆறும் குப்பைக்குப் போயிற்று. இப்போது முன்கண்ணாடி இல்லாமல் நிற்கிறது. மனைவி அதைக் கடந்து போகும்போதெல்லாம், காற்று நல்லா வரும் என்கிறார்.

போன வாரம் அதே தளத்தில் வேறு பெயரில் ஒரு விளம்பரம். பளபளக்கும் உறை, பழைய கார், அடியில் நீலக் கட்டம் போட்ட விரிப்பு, ஓரத்தில் அதே ஓட்டை. மகளின் எண்ணிலிருந்து செய்தி அனுப்பினேன், திறந்து ஒரு படம் அனுப்ப முடியுமா என்று. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “சீலை உடைச்சா அதோட மதிப்பே போயிடும் மேடம்.”