பின்னம், சதவீதம், விகிதம்: கோத்தகிரியில் பதினான்கு மாதப் பயிற்சியின் அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எட்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை பார்த்துக் கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே, மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர்வதற்கான கியூட் நுழைவுத் தேர்வை எழுதுவதென முடிவு செய்தேன். 2024 மார்ச்சில் தொடங்கி 2025 மே மாதம் தேர்வு எழுதும் வரை நான் பயன்படுத்தியவை மூன்று: தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கணிதப் புத்தகங்கள், ஓராண்டுச் சந்தா கட்டிய ஒரு கைப்பேசிச் செயலி, கோடு போட்ட ஒரு நீள நோட்டு. மூன்றில் எது கடைசி வரை உழைத்தது, எது பாதி வழியில் நின்றுவிட்டது என்பதை, இதே தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றித் தேவையான அளவு மட்டும். தேசியத் தேர்வு முகமை 2022 முதல் இதை நடத்துகிறது. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். நான் எடுத்த தாள்களுள் ஒன்றான பொதுத் திறனறித் தேர்வில், 2025 முறைப்படி, 60 நிமிடத்தில் 50 கேள்விகள். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. பொது அறிவும் தருக்கமும் கலந்து வரும் அந்தத் தாளின் கணக்குப் பகுதி, பெரும்பாலும் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப்படும் அடிப்படைக் கணிதத்தைப் பயன்படுத்துவதுதான். எட்டாம் வகுப்புக் கணக்குதானே என்ற அலட்சியத்தில் முதல் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

பாடநூல்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; படங்கள் தெளிவாக உள்ளன; ஆறாம் வகுப்பில் பின்னத்தைக் கூட்டக் கற்றுக்கொடுக்கும்போது, பகுதிகளை (கோட்டுக்குக் கீழுள்ள எண்களை) ஏன் சமமாக்குகிறோம் என்பதை அவசரமில்லாமல் சொல்கிறார்கள். ஆனால் சதவீதப் பாடத்தின் பயிற்சியில் எல்லாக் கணக்கும் சதவீதக் கணக்காகவே இருக்கும் என்பதால், எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வறையில் தலைப்பு இருக்காது. செயலியிலும் இதே குறைதான், கூடுதலாக இன்னொன்றும் உண்டு. அது ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரு குறுக்குவழியைக் கொடுத்து, அதைப் பத்து முறை செய்ய வைத்து, பச்சை நிறத்தில் பாராட்டிவிடும். பதினோராவது கணக்கில் கேள்வி சற்றே திரும்பினால் குறுக்குவழி எங்கே போய் முட்டும் என்பதை அது காட்டுவதில்லை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமானது. அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டபோது மின்சாரமும் சிக்னலும் மாறி மாறிப் போயின. செயலியைச் சரிவரத் திறக்க முடியாத அந்த வாரங்களில்தான் நோட்டு என் கைக்கு வந்தது.

அதற்குக் காரணமாக இருந்தவர் எங்களுக்கு இலை கொடுக்கும் ஒரு வயதான சிறு விவசாயி. ஒரு மாதம் இலை விலையைப் பத்து சதவீதம் ஏற்றி, அடுத்த மாதம் பத்து சதவீதம் இறக்கியிருந்தோம். புரிதலுக்காகப் பழைய விலையைக் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பத்து ஏத்தி, பத்து எறக்கினா பழைய வெலதானே வரணும்? இருபது பைசாவ எங்கே தம்பி காணோம்?" என்று கேட்டார். ஏற்றிய பத்து 20 ரூபாயில் பத்து, அதாவது 2 ரூபாய். இறக்கிய பத்து 22 ரூபாயில் பத்து, அதாவது 2 ரூபாய் 20 பைசா. ஆகவே 19 ரூபாய் 80 பைசா என்று சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினேன். "அப்ப எதுல பத்துன்னு சீட்டுல போட மாட்டீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு, செயலியில் நான் தவறவிட்ட கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் பெருக்கல் பிழையோ சூத்திர மறதியோ அல்ல. எதில் என்று பார்க்காத பிழை.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்தேன். இடப்பக்கம் கேள்வி, நடுவில் 'எதில்?' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு சொல் (அடக்க விலையிலா, விற்ற விலையிலா, மொத்தத்திலா, மீதியிலா), வலப்பக்கம் கணக்கு. நடுப்பகுதியை நிரப்பாமல் வலப்பக்கம் போகக் கூடாது என்பது மட்டுமே விதி. முதல் மூன்று வாரம் இது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருந்தது. பிறகு நடுச் சொல் தானாகவே தோன்றத் தொடங்கியது.

இந்த வழக்கம் எனக்கு முழுதாகப் பிடிபட்ட இடம் தொழிற்சாலையின் வாட்டும் தொட்டி. பறித்து வந்த பச்சை இலையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். வாட்டிய பின் அது 70 சதவீதமாக இறங்குகிறது என்று கொண்டால், 100 கிலோ இலை எத்தனை கிலோவாகும்? நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் 90 கிலோ என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், அதுவும் அந்தத் தொட்டியின் பக்கத்திலேயே வேலை செய்துகொண்டு. இலையில் நீர் போக மீதியுள்ள திடப்பொருள் 20 கிலோ. வாட்டுவதால் அது குறைவதில்லை. முன்பு நூற்றில் 20 பங்காக இருந்த அதே 20 கிலோ, இப்போது புதிய எடையின் நூற்றில் 30 பங்கு. ஆகவே புதிய எடை 66⅔ கிலோ. நீரின் சதவீதம் பத்துதான் இறங்கியது, எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மாறாத பொருள் எது என்று முதலில் தேடும் பழக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் எனக்கு வந்தது. பால், கலவை, உப்புக் கரைசல் என்று வரும் கேள்விகள் பெரும்பாலும் இதன் உடன்பிறப்புகள்.

விகிதத்தில் என் தடுமாற்றம் வேறு மாதிரி. நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் பாதையில், மிகச் செங்குத்தான ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று என்பார்கள். அதைச் சதவீதமாக்கினால் பன்னிரண்டில் ஒன்று, அதாவது 8⅓. ஆனால் சாயமும் தண்ணீரும் 1:12 என்ற விகிதத்தில் கலந்தால், கலவையில் சாயம் பன்னிரண்டில் ஒன்று அல்ல, பதின்மூன்றில் ஒன்று. முதலாவதில் ஏற்றத்தைத் தூரத்தோடு ஒப்பிடுகிறோம். இரண்டாவதில் ஒரு பங்கை மற்றொரு பங்கோடு ஒப்பிட்டுவிட்டு, மொத்தத்தில் எவ்வளவு என்று கேட்கிறோம். இரண்டும் ஒரே புள்ளிக் குறியோடு எழுதப்படுவதால் கண் ஏமாறுகிறது. விகிதக் கணக்கு வந்தவுடன் பங்குகளைக் கூட்டி மொத்தத்தை ஓரத்தில் எழுதிவிடும் வழக்கத்தை இதற்காகவே ஏற்படுத்திக்கொண்டேன்.

வேகத்துக்கு உதவியது செயலியின் அட்டவணை அல்ல, பாட்டியின் அணாக் கணக்கு. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வரும் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரணா என்றால் ரூபாயில் வீசம், அதாவது பதினாறில் ஒன்று. வீசம் 6¼ சதவீதம், அதன் இரட்டிப்பான அரைக்கால் 12½, கால் 25. "வீசம் ஆறேகால், அரைக்கால் பன்னிரண்டரை" என்று நாலு முறை வாய்விட்டுச் சொன்னால் போதும், மறக்காது. ⅛ஐயும் 1/16ஐயும் கூட்டச் சொன்னால் பகுதியைச் சமமாக்கத் தாளைத் தேட வேண்டியதில்லை. அரைக்கால் என்பது இரண்டு வீசம், கூட்டினால் மூவீசம், 3/16. ஒரு விலை 25 சதவீதம் கூடினால், பழையபடி ஆக எத்தனை சதவீதம் குறைய வேண்டும் என்ற கேள்வியும் இப்படித்தான்: நான்கு காலாக இருந்தது ஐந்து காலாகிவிட்டது, ஐந்தில் ஒன்று போனால் பழைய நிலை, ஆகவே 20. மூன்றில் ஒன்று, ஏழில் ஒன்று போன்றவை இந்த வாய்பாட்டில் அடங்காது. அவற்றை 33⅓, 14²⁄₇ என்று தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று.

தெரியாத கேள்வியைத் தொடாதே என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். அதையும் பின்னத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக நான்கு கேள்விகளில் ஒன்று சரி, மூன்று தவறு: 5 வரும், 3 போகும், கேள்விக்கு அரை மதிப்பெண் மிச்சம். பொருந்தாத ஒரு விடையை நீக்கிவிட்டால் அந்த மிச்சம் ஒரு மதிப்பெண்ணாகிறது. நேரம் இருக்கும்போது காலியாக விடுவதற்கு நியாயம் இல்லை என்ற முடிவோடுதான் கோயம்புத்தூருக்கு மலை இறங்கினேன்.

தேர்வில் பின்னமும் சதவீதமும் என்னைக் கைவிடவில்லை. இடறியது ஆட்கள், நாட்கள், மணி நேரம் மூன்றும் சேர்ந்து வரும் கூட்டு மாறல் கணக்கு ஒன்றில். எது நேர் மாறல் (ஒன்று கூட மற்றதும் கூடுவது), எது எதிர் மாறல் (ஒன்று கூட மற்றது குறைவது) என்று பிரிப்பதற்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த வகைக் கணக்குக்கு நோட்டில் நான்கே பக்கம் இருந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன். செயலியின் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இலைச் சீட்டில் இப்போது 'சென்ற மாத விலையில்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன்.