தாடை அறுவைக்கு முன்பணம் கட்டப் போகிறவர்களுக்கு: கடியைக் கெடுத்ததே அவர்கள் கொடுத்த தகடுதான்

ஆறு மாதச் சம்பளம் போய்விட்டது. நேற்று சாயங்காலம் கடைசியாகப் பேசியபோது, "பாலிசியிலேயே ரீஃபண்ட் கிடையாது சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்கள். கோபம் ஆறினால் பக்குவமாக எழுதத் தோன்றிவிடும், அதனால் இப்போதே எழுதுகிறேன். பணம் என் தங்கையுடையது. இடத்தின் பெயரைப் போடவில்லை. பல், தாடை, முகம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதாகச் சொல்லி, முன்–பின் படங்களை வரிசையாகப் போட்டு ஆள் பிடிக்கும் தனியார் நிலையம், அவ்வளவு போதும். பல் லேபில், பல்வரிசையின்மேல் மாட்டும் வாய்த்தகடு செய்வது என் தொழில். ஆகவே என்ன செய்தார்கள், அது ஏன் தப்பு என்று விவரமாகவே சொல்ல முடியும். என்னென்ன கேட்க வேண்டும் என்ற முழுப் பட்டியலைக் கடைசியில் தருகிறேன்.

தங்கைக்கு இருந்த தொந்தரவு இவ்வளவுதான்: வாயைத் திறக்கும்போது இடது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம், மூடும்போது லேசாக இன்னொன்று, காலையில் எழுந்தால் கன்னத்தில் இறுக்கம், வலி நெற்றிப்பொட்டு வரை ஏறும். தாடை மூட்டில், கீழ்த்தாடையின் உருண்டை முனைக்கும் (கண்டைல்) மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது, டிஸ்க் என்பார்கள். சிலருக்கு அது முன்பக்கமாக நழுவி நிற்கும்; வாய் திறக்கும்போது முனை அதன்மேல் ஏறிக்கொள்ளும். அந்த ஏற்றம்தான் 'டக்'. வலியில்லாத டக்குக்கு வைத்தியமே வேண்டாம், ஏராளமான பேர் அதோடு வாழ்நாள் முழுக்க இருக்கிறார்கள். சத்தம் திடீரென்று நின்று, கூடவே வாயும் திறக்காமல் போனால்தான் கவலை. அப்போது தட்டு வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அவளுக்கு அது இல்லவே இல்லை.

ஏமாந்தது எந்த இடத்தில் என்று யோசித்தால், முதல் பத்து நிமிடத்திலேயே. அதற்குமுன் பார்த்த இரண்டு மூன்று பேரும் "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் மெதுவாக வைத்து, திறந்து மூடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "இதை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?" அந்த ஒரு கேள்விக்கு அவள் அழுதுவிட்டாள். கையெழுத்துப் போட்டது மாதக்கணக்கில் கழித்துத்தான், ஆனால் பணம் கைமாறியது அந்தக் கேள்வியிலேயே.

அடுத்து மெஷின்கள். கன்னத்தில் எலக்ட்ரோடு ஒட்டித் தசையின் மின்னோட்டத்தைப் பார்ப்பது, தாடை அசைவைப் பதிவது, மூட்டுச் சத்தத்துக்கு ஒரு வரைபடம், கடைசியில் எலும்பை முப்பரிமாணமாகக் காட்டும் சிபிசிடி ஸ்கேன். திரையில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள். "உங்க கண்டைல் ஒரு மில்லிமீட்டர் பின்னாடி உட்கார்ந்திருக்கு" என்று ஓர் அம்புக்குறி. கண்டைல் குழிக்குள் எங்கே உட்காரும் என்பது வலியே இல்லாதவர்களிடமும் ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்து நோய் சொல்ல முடியாது. சிபிசிடியில் எலும்பு தெரியும், டிஸ்க் தெரியாது. டிஸ்க்கைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும், அதுவும் வாய் மூடியபடி ஒரு தடவை, திறந்தபடி ஒரு தடவை. அதை எடுக்கவே இல்லை.

இத்தனை கருவி வைத்திருந்தவர்கள், ஒரு ஸ்கேலும் இரண்டு விரலும் போதுமான பரிசோதனையைச் செய்யவில்லை. தாடை மூட்டு, தசைத் தொந்தரவுகளை இனம்காண 2014-ல் வெளியான டிசி/டிஎம்டி என்ற முறை இதற்கென்றே இருக்கிறது. மேல், கீழ் முன்பல் விளிம்புகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து வாய் திறப்பை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். கன்னத் தசையிலும் பொட்டுத் தசையிலும் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்து, "வழக்கமா உங்களுக்கு வர்ற வலி இதுதானா?" என்று கேட்க வேண்டும். ஒரு கிலோ என்பது எவ்வளவு என்று விரலுக்குப் பிடிபட, சின்னத் தராசில் அழுத்திப் பழகிக்கொள்வார்கள். "ஆமாம், இதேதான்" என்று பதில் வந்தால் வலி தசையில் இருக்கிறது. தசைவலிக்கு எலும்பை வெட்டி என்ன பிரயோஜனம்?

இப்போது தகடு. என் வயிற்றெரிச்சல் முழுக்க இங்கேதான். இந்தப் பிரச்சினைக்குச் சாதாரணமாகக் கொடுப்பது ஸ்டெபிலைசேஷன் ஸ்ப்ளின்ட். கெட்டி அக்ரிலிக், 1.5 முதல் 3 மி.மீ. கனம், ஒரு வரிசைப் பல் முழுவதையும் மூடும், மேற்பரப்பு தட்டையாக இருக்கும், எதிர்ப்பக்கத்துக் கடைவாய்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதில் பட வேண்டும். இரவில் மட்டும் போடுவது. காலையில் கழற்றினால் கடி, அதாவது மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரும் விதம், பழையபடி இருக்க வேண்டும். பாதி வரிசையை மட்டும் மூடும் தகடு கொடுத்தால் மூடாத பல் மெல்ல எழும்பிவிடும், அதனால்தான் முழு வரிசை.

இவர்கள் கொடுத்தது வேறு ரகம். முன்பக்கம் ஒரு சரிவு வைத்து, கீழ்த்தாடையை 3 மி.மீ. முன்னால் இழுத்து நிறுத்தும் தகடு. சாப்பிடும்போதும் கழற்றக்கூடாது, பல் தேய்க்கும்போது மட்டும் கழற்றலாம், இப்படி ஆறு மாதம். போட்ட அன்றே 'டக்' நின்றுவிட்டது. நிற்கத்தான் செய்யும், தாடை முன்னால் வந்ததும் முனை தட்டின்மேலேயே ஏறி நிற்கிறது, வேறொன்றுமில்லை. அவளோ பாதி குணமாகிவிட்டது என்று நம்பினாள். இந்த ரகத் தகட்டைக் கொஞ்ச காலம், ராத்திரி மட்டும் என்று கொடுக்கிறவர்கள் உண்டு, அதைக் குற்றம் சொல்லமாட்டேன். நாள் முழுக்க, மாதக்கணக்கில் போட்டால் தசையும் மூட்டும் அந்த முன்நிலைக்கே பழகிவிடும், தகட்டின் அடியில் இருக்கும் கடைவாய்ப்பற்கள் அழுந்தியும் போகலாம். பிறகு கழற்றினால் முன்பல் மட்டும் முட்டும், கடைவாய்ப்பல் அந்தரத்தில் நிற்கும்.

அதேதான் நடந்தது. ஆறாவது மாதம் தகட்டைக் கழற்றிவிட்டுக் கடிக்கச் சொன்னார்கள். ஷிம்ஸ்டாக் என்று 8 மைக்ரான் படலம் ஒன்று உண்டு, லேபில் தினமும் கையில் இருப்பது. கடைவாய்ப்பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தால், இழுத்தாலும் வரக்கூடாது. அவளுக்கு இரண்டு பக்கமும் எதிலும் உரசாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்து அவளையே பார்க்க வைத்தார்கள். "பாருங்க மேடம், பல்லே சேரலை. எலும்போட அமைப்பே தப்பு. சர்ஜரிதான் வழி." ஆறு மாதமாகத் தாங்களே செய்துவைத்த இடைவெளியைக் காட்டி அறுவையை விற்றிருக்கிறார்கள்.

அன்றைக்கே முன்பணம். "இந்த வாரம் கட்டினா ஸ்லாட் லாக் ஆயிடும், அடுத்த மாசம் சார்ஜ் மாறுது." ஸ்கேன், கணினியில் அறுவைத் திட்டம், அறுவையின்போது தாடையைப் பொருத்திப் பார்க்கும் வேஃபர் இரண்டு, தேதி ஒதுக்கீடு, எல்லாம் சேர்ந்து ஒரு பேக்கேஜ். ஆறு மாதச் சம்பளம், கார்டில், ஒரே தேய்ப்பு. இதில் எந்த லேப்காரனுக்கும் சிரிப்பு வரும் சங்கதி ஒன்று உண்டு. வேஃபர் என்பது பல்லின் அச்சில் உட்காரும் பிளாஸ்டிக் துண்டு. பல் நகர்ந்தால் உட்காராது. அவர்கள் கொடுத்த தாளிலேயே அறுவைக்கு முன் 18 மாதம் கிளிப் என்று போட்டிருக்கிறது. கிளிப்பே மாட்டவில்லை! பல் நகர்ந்து முடிந்து, அறுவைக்குச் சில வாரம் இருக்கும்போது புது ஸ்கேன் எடுத்துத்தான் வேஃபர் செய்வார்கள். இன்றைய ஸ்கேனில் செய்தது குப்பைக்குத்தான் போகும். முதலில் அறுவை, பிறகு கிளிப் என்றொரு முறையும் இருக்கிறது, ஆனால் இவர்கள் எழுதிக் கொடுத்தது அது இல்லை.

எனக்கு விஷயம் வந்தது பணம் கட்டிய பிறகுதான். லேப் அலமாரியில் அவளுடைய பழைய பிளாஸ்டர் மாடல் இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன் ராத்திரித் தகடு ஒன்றுக்காக ஊற்றியது. மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கையில் எடுத்துச் சேர்த்தேன். அப்படியே இறங்கி உட்கார்ந்தது, ஆட்டிப் பார்த்தாலும் அசையவில்லை. கடைவாய்ப்பல்லின் மேடு எதிர்ப்பல்லின் பள்ளத்தில் கச்சிதமாக இருந்தது. இப்போது வாயில் அதே இடத்தில் 2 மி.மீ. சந்து. எலும்பு அமைப்பே தப்பு என்றால் இரண்டு வருடத்துக்கு முன் எப்படிச் சேர்ந்தது? வேறொரு தாடை அறுவை நிபுணர் ஸ்கேல் வைத்து அளந்தார். திறப்பு 44 மி.மீ., 40-க்கு மேல் இருந்தாலே சரி. ஒரு பக்கமாகக் கோணவும் இல்லை. கன்னத் தசையை அழுத்தியதும் அவள் "இதேதான் டாக்டர்" என்றாள். எம்ஆர்ஐயில் டிஸ்க் நழுவியிருக்கிறது, திறக்கும்போது இடத்துக்குத் திரும்பிவிடுகிறது, எலும்பு நன்றாக இருக்கிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அறுவை எதுக்கு?"

அறுவையைப் பழிக்க வரவில்லை. மேல்தாடையை லெ ஃபோர்ட் 1 வெட்டில் பிரிப்பது, கீழ்த்தாடையை இரு பக்கமும் நீளவாக்கில் பிளந்து நகர்த்துவது, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துவது, எல்லாம் 1950-களில் ஓப்வெகேசர் என்ற அறுவை நிபுணர் கீழ்த்தாடையைப் பிளக்கும் முறையை வகுத்த நாளிலிருந்து பழகிப் பழகி வந்தவை. கடி உண்மையிலேயே எலும்பால் தப்பி, மெல்ல முடியாமல், தூக்கத்தில் மூச்சு அடைத்துத் தவிக்கிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அது கடிக்குச் செய்யும் வைத்தியம், மூட்டுவலிக்கு அல்ல. மூட்டுத் தொந்தரவோடு அறுவைக்குப் போனவர்களில் சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குக் கூடுகிறது. முன்பு இல்லாதவர்களுக்குப் புதிதாக வருவதும் உண்டு. பிளக்கிற எலும்புக்குள்தான் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஆரம்பத்தில் மரத்துப்போவது சாதாரணம், சிலருக்கு அது கடைசிவரை திரும்புவதில்லை.

இன்னொன்று கண்டைல் கரைவது. கீழ்த்தாடையின் அடிவிளிம்பு அதிகமாகச் சரிந்திருக்கும் இளம்பெண்களுக்கு, கீழ்த்தாடையை அதிகமாக முன்னால் இழுத்தால், மூட்டின் முனை மெல்லத் தேய்ந்து, முன்னே கொண்டுவந்த தாடை பின்னுக்கே போய்விடும் ஆபத்து கூடுதல். ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிற மூட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் தகடு எதுவும் போடாமலே முன்பல் திறந்துகொண்டும் முகவாய் உள்ளே போய்க்கொண்டும் இருக்கிறவர்களுக்கு, ஆறு மாதம் ஒரு வருடம் விட்டு ஸ்கேன்களை ஒப்பிட்டு, கரைவது நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே கத்தி வைப்பார்கள். தங்கையிடம் கையெழுத்து வாங்கிய தாளில் மூட்டு என்ற சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது, தலைப்பில்.

2023-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, நாள்பட்ட தாடை மூட்டுவலிக்கு உறுதியாகப் பரிந்துரைப்பது என்ன தெரியுமா? வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் சிபிடி மனப்பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால் தாடையை அசைத்துக் கொடுப்பது, ஆள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும் தாடைப் பயிற்சி, விளக்கிச் சொல்லி வீட்டில் செய்ய வைப்பது. உறுதியாக வேண்டாம் என்பதில் கடியை நிரந்தரமாக மாற்றும் தகடு இருக்கிறது. சாதாரணத் தகட்டுக்கும் அது பெரிய ஆதரவு தரவில்லை, என் பிழைப்புக்கு விரோதமாகவே சொல்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை. முதல் போன்: "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க, கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. இரண்டாவது: "ப்ளானிங் முடிஞ்சிடுச்சு சார், அந்தச் செலவு ஆயிடுச்சு." முடிந்திருந்தால் கோப்பைக் கொடுங்கள் என்றேன். சிபிசிடிக்கு டைகாம் கோப்பு, பல் ஸ்கேனுக்கு எஸ்டிஎல் கோப்பு, இரண்டையும் என்னாலேயே திறக்க முடியும். வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட், மூலையில் மவுஸ் அம்பு அப்படியே தெரிகிறது. மூன்றாவது தடவை வேறொரு பெண், "ஃபைல் நம்பர் சொல்லுங்க" என்று ஆரம்பத்திலிருந்து. நாலாவது நேரில். தங்கையை மட்டும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் சொன்னது: "அண்ணன் பேச்சைக் கேட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்காதீங்கம்மா." அதே மென்மையான குரல். ஆறு மாதச் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேற்று பாலிசி.

பட்டியல் தருகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும். தகடு வாங்குமுன் "கழற்றினா கடி பழையபடி வருமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாள் முழுக்கப் போடச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ஆத்திரத்தில் ஒரேயடியாகக் கழற்றி எறியாதீர்கள், வேறு டாக்டர் பார்வையில் மணிநேரத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். தங்கைக்கு அப்படித்தான் போகிறது, 2 மி.மீ. ஒன்றரை ஆகியிருக்கிறது, மீதி மூடாவிட்டால் அதற்கே கிளிப் போட வேண்டும். தகட்டுக்கு முந்தைய மாடலோ ஸ்கேனோ ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். எம்ஆர்ஐ இல்லாமல் மூட்டைக் காரணம் காட்டி அறுவை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கிளிப் மாட்டுவதற்கு முன் வேஃபருக்குப் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் ரசீது. ஆறு மாதச் சம்பளத்துக்கு அவர்கள் கொடுத்த ரசீதில் ஸ்கேனும் இல்லை, வேஃபரும் இல்லை, தேதியும் இல்லை. "கன்சல்டேஷன் சேவை" என்று ஒரே வரி. நேற்று ராத்திரிதான் கவனித்தோம். நீங்கள் எங்காவது கட்டியிருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.