பூஞ்சாண நோய்களுக்கு இயற்கை மருந்தா, ரசாயன மருந்தா?

தோட்டத்தில் பூஞ்சாண நோய் கண்டதும் எந்த மருந்தைத் தெளிப்பது என்று கேட்பவர்கள் பயிரின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, நோய் மண்ணிலிருந்து ஏறியதா, காற்றில் வந்து இலையில் இறங்கியதா என்பதைச் சொல்வதில்லை. இரண்டு முறைகளில் எது கைகொடுக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

நாற்றழுகல், வேரழுகல், வாடல் போன்ற மண்வழி நோய்களுக்கு நான் தயங்காமல் இயற்கை முறையையே பரிந்துரைப்பேன். கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து விதைத்தால், அது இளவேரைச் சுற்றி முதலில் குடியேறி, நோய்ப் பூஞ்சாணத்தின் இழைகளைப் பின்னிப் பிணைந்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்கிறது. மக்கிய தொழு உரத்தோடு இட்டால் மண்ணிலும் பெருகுகிறது. கார்பென்டசிம் என்னும் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியின் கரைசலை வேரில் ஊற்றுவதும் சில காலம் காக்கும். ஆனால் அது டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும் என்பதால், இரண்டையும் ஒரே விதையில் கலப்பது வீண் செலவு. தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருக்கும் வாடல் செடியை இரண்டாலும் மீட்க முடியாது. வேரோடு பிடுங்கி அகற்ற வேண்டியதுதான்.

இலை நோய்களில் நிலைமை வேறு. வெள்ளரி இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே அடைபட்ட கோணலான மஞ்சள் திட்டுகளும், அதிகாலையில் இலையைத் திருப்பினால் அடியில் சாம்பல் கலந்த ஊதாப் பூசணமும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். இதையும் தக்காளியின் பின்பருவ இலைக்கருகலையும் உண்டாக்குபவை உண்மையான பூஞ்சாணங்கள் அல்ல, ஊமைசீட் என்னும் வேறு இனம்; ஆகவே கார்பென்டசிம் இங்கே பலன் தராது. மழையும் குளிர்ச்சியும் நீடிக்கும்போது இவற்றை உயிரியல் மருந்துகளால் மட்டும் நிறுத்துவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மெட்டலாக்சில் என்னும் ரசாயன மருந்து வேகமானது. ஆனால் நோய்க்கிருமியின் ஒரே ஓர் இயக்கத்தை மட்டும் தாக்குவதால், 1980-லேயே ஐரோப்பிய உருளைக்கிழங்கு வயல்களில் அதற்கு எதிர்ப்புத்திறன் தோன்றிவிட்டது. கிருமியின் பல இயக்கங்களை ஒரே நேரத்தில் தாக்கும் மேங்கோசெப் என்னும் ரசாயன மருந்துக்கு அந்தச் சிக்கல் குறைவு என்றாலும், உடல்நலக் காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

இயற்கை முறையில் இந்த ரசாயனங்களுக்கு நிகராக நிற்பது தாமிரம். 1885-ல் பிரான்சின் தாவரவியலாளர் மிலார்டே திராட்சைக்காக வெளியிட்ட போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் போதும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்து எடுக்கும்போது செம்பழுப்பாகத் தாமிரம் படிந்தால், சுண்ணாம்பு போதவில்லை; அப்படியே தெளித்தால் இலை கருகும். இயற்கை வேளாண்மையில் அனுமதி உண்டு என்பதற்காகத் தாமிரத்தைத் தாராளமாகத் தெளிக்கக் கூடாது. அது மட்கிப் போகாத உலோகம்; மண்ணில் சேர்ந்து மண்புழுக்களை வதைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று அதற்கு வரம்பு வைத்திருக்கிறது.

இலையில் வெள்ளைப் பொடி தூவியது போலத் தெரியும் சாம்பல் நோய்க்கு ரசாயனம் அரிதாகவே தேவைப்படும். அந்தப் பூஞ்சாணம் இலையின் மேலேயே படர்வதால் இயற்கை முறையிலேயே சேரும் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) எளிதில் எட்டிவிடும்; வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் காய் பறிக்கும் தோட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தெளித்த பின் ஒரு வாரம் பறிக்கக் கூடாது என்று உறையில் அச்சிட்டிருந்தால், அந்த வாரத்தில் முற்றும் வெள்ளரி அத்தனையும் வீண். ரசாயனம் தெளித்தே ஆக வேண்டுமென்றால் பூக்கும் முன்பே முடித்துக்கொண்டு, பறிப்புக் காலத்தைப் பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற உயிரியல் மருந்துகளிடம் விடுவதே என் வழக்கம்.