பாங்காக் லெங் நோய் யீ கோயிலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பாங்காக் சைனா டவுனில் இருக்கும் வாட் மங்கோன் கமலாவாட், அங்குள்ளவர்கள் லெங் நோய் யீ என்று சொல்லும் பழைய சீனக் கோயில், 1871இல் கட்ட ஆரம்பித்தது. கட்டாயம் போங்கள். ஆனால் வெளியே நடக்கும் பரிகார வியாபாரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

2025இல் நானும் மனைவியும் போயிருந்தோம். மெட்ரோவில் இறங்கிக் கோயிலை நோக்கி நடக்கும்போது, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் கோயில் ஆள் என்று சொல்லிக்கொண்டு கூடவே வந்தார். நல்ல ஆங்கிலம், ரொம்ப மரியாதை. பிறந்த வருடம் கேட்டார். மனைவி 1985 என்றதும் முகம் மாறி, "உங்களுக்கு இது பீ சோங், அதாவது பிறந்த வருடத்தோடு மோதும் வருடம், தோஷம் இருக்கிறது, பரிகாரம் செய்யாமல் உள்ளே போகக் கூடாது" என்று பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்குக் கூட்டிப் போய்விட்டார். ஒரு கட்டு ஊதுபத்தி, பேர் எழுத ஒரு சிவப்புத் தாள், கொஞ்சம் தங்க நிறக் காகிதம், அவ்வளவுதான், அதற்கு 1,500 பாட் வாங்கினார்கள். சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் செய்து வளர்ந்த நமக்கு அந்தப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் மனதில் இறங்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உள்ளே போனால் கோயிலே நடத்தும் கவுன்டரில் கிட்டத்தட்ட அதே பொருட்கள் 100 பாட், விலை எழுதியே வைத்திருக்கிறார்கள். வெளியே எங்கள் ஆள் யாரும் கிடையாது என்றார் அங்கிருந்த அம்மா. அதைவிடக் கொடுமை, வருடத்துக்கு ஒரு மிருகத்தின் பேர் வைக்கும் சீனக் கணக்கில் 2025 பாம்பு வருடம், அதில் தோஷம் என்று அங்கே சொல்வது பாம்பு, பன்றி, புலி, குரங்கு வருடங்களில் பிறந்தவர்களுக்குத்தான். 1985 எருது வருடம், பரிகாரமே தேவையில்லை! திரும்ப வந்து கேட்டால் அந்த ஆளைக் காணோம், கடையில் ஆங்கிலம் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

பணத்தைவிட, கும்பிட வந்தவளைப் பயமுறுத்திக் காசு பிடுங்கியதுதான் எனக்கு ஆறவில்லை. உள்ளே யாரும் நம்மை எதற்கும் வற்புறுத்தவில்லை. நுழைந்ததும் இரண்டு பக்கமும் நான்கு திசைக் காவல் தெய்வங்கள், அப்புறம் பெரிய மண்டபத்தில் பொன்னிற புத்தர்கள், ஊதுபத்திப் புகைக்குள் வயதானவர்கள் நிதானமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால் வழியில் யார் பிறந்த வருடம் கேட்டாலும் சொல்லாமல் நேராக உள்ளே போய்விடுங்கள். பரிகாரம் செய்ய விருப்பம் இருந்தால் கோயில் கவுன்டரிலேயே கேளுங்கள். இன்று கோயில் மூடியிருக்கிறது என்று யாராவது டுக்டுக்கில் ஏறச் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தொந்தரவு செய்தால் சுற்றுலா போலீஸ் எண் 1155.