ஈசிஆரா, கொங்கணமா? தனியாக மிதிக்கக் கிளம்புகிறவருக்கு

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. விடியற்காலை நாலரைக்குத் திருவான்மியூரில் கிளம்ப வேண்டும், முட்டுக்காடு தாண்டி வெளுக்க வேண்டும், மாமல்லபுரத்தில் இட்லி, வெயில் ஏறி உச்சிக்கு வரும்போது புதுச்சேரி. 150 கி.மீ. இதை இரண்டு தடவை செய்தாயிற்று என்றால் அடுத்த ஆசை தலைதூக்கும்: பையைக் கட்டிக்கொண்டு, கூட யாரும் இல்லாமல், ஒரு வாரம் கடலோரமாகவே போனால் என்ன?

அப்போது இரண்டு பெயர்கள் அடிபடும். ஒன்று, இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈசிஆரில், நாகப்பட்டினம், தொண்டி, இராமநாதபுரம் என்று போய் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முடிப்பது. இன்னொன்று, மும்பையிலிருந்து படகில் மாண்ட்வா போய் இறங்கி, அலிபாக், ஹரிஹரேஷ்வர், ரத்னாகிரி, மால்வண் வழியாகக் கோவாவைத் தொடும் கொங்கணக் கடலோரப் பாதை. மும்பை–கோவா தேசிய நெடுஞ்சாலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உள்ளே தள்ளி, லாரிகளுக்கு நடுவே போவது. இது கடலை ஒட்டி ஊர் ஊராக வளைந்து போவது.

ஈசிஆர் முழுக்கச் சுமார் 600 கி.மீ., கொங்கணம் 500-ஐத் தாண்டும். இரண்டிலும் தனியாகவே போய்வந்தேன். ஈசிஆருக்கு ஏழு நாள் போட்டேன், ஏழு நாளில் முடிந்தது. கொங்கணத்துக்கு எட்டு நாள் போட்டேன், பத்து ஆயிற்று. அந்த இரண்டு நாள் எங்கே போனது என்று சொன்னாலே பாதி ஒப்பீடு முடிந்துவிடும்.

கொங்கணத்தில் தரை சும்மா படுத்துக் கிடக்காது. சஹ்யாத்ரியிலிருந்து, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, இறங்கும் ஆறுகள் எல்லாம் குட்டை ஆறுகள். மலைக்கும் கடலுக்கும் நடுவே அவற்றுக்கு நிதானமாகப் பரவ இடமில்லை. ஆறு கடலில் சேரும் இடமெல்லாம் அகன்ற கழி, மராத்தியில் காடி. இரண்டு கழிகளுக்கு நடுவே செம்பாறை மேடு. மலையாளிகள் வெட்டுக்கல் என்பார்களே, அதே கல்தான். மேடு கடல் விளிம்பு வரை வந்து நின்றுவிடும். அதனால் சாலைக்கு ஒரே வேலைதான்: மேட்டில் ஏறு, தென்னையும் பாக்குமாக இருக்கும் ஊருக்குள் இறங்கு, கழியைக் கட, திரும்ப மேட்டில் ஏறு. ஒவ்வொன்றும் பெரிய மலை கிடையாது. ஆனால் காலையில் ஏறியதை மதியத்துக்குள் மூன்று தடவை இறங்கித் தொலைத்துவிட்டு மறுபடி சம்பாதிக்க வேண்டும். 80 கி.மீ. மிதித்தால் ஆயிரம் மீட்டர் ஏறியிருப்போம். இறக்கமாவது சுகமா என்றால் அதுவும் இல்லை. வளைவில் ஜல்லி கிடக்கும், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்து விரல் மரத்துப்போகும்.

ஈசிஆரில் மலை என்றால் பாலம்தான். கொள்ளிடப் பாலத்தில் லேசாக மூச்சு வாங்கும், பாம்பன் பாலத்தின் முதுகில் ஏறும்போது கொஞ்சம். அவ்வளவே. கியர் இல்லாத சைக்கிளிலேயே போய்விடலாம். மீன் கூடை கட்டிக்கொண்டு அப்படித்தான் போய்வருகிறார்கள். இதைக் கேட்டு ஈசிஆர் சுலபம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சமதளத்துக்கென்று ஒரு களைப்பு இருக்கிறது. ஏற்றமில்லை என்றால் இறக்கமும் இல்லை. ஆறு மணி நேரம் மிதித்தால் ஆறு மணி நேரமும் மிதித்தாக வேண்டும், கால் ஓயாது. உட்காரும் இடம் புண்ணாவது ஈசிஆரில்தான். கொங்கண ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பதால் அந்தத் தொல்லை எனக்குக் குறைவாகவே இருந்தது.

கடல் தெரியுமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஈசிஆர் பெயரில் கடற்கரை இருக்கிறது, சாலையிலிருந்து கடல் தெரிவது அபூர்வம். சென்னைப் பக்கம் ரிசார்ட் மதில்கள், அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அப்புறம் மரக்காணத்து உப்பளம். கடலைப் பார்க்க வேண்டுமானால் இடது பக்கம் பிரியும் ஏதாவது ஒரு மீனவர் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்ப வேண்டும். கொங்கணத்தில் அப்படியில்லை. ஹர்ணை பக்கமும், ரத்னாகிரிக்கு வடக்கே ஆரே-வாரே மேட்டிலும் சாலைக்குக் கீழேயே கடல் கிடக்கும். ஆரே-வாரேயில் நான் நின்ற இடத்தில் ஐந்து பேர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். காட்சிக்கு மார்க் போட்டால் கொங்கணம் எங்கேயோ போய்விடும், வாதாடவே வேண்டாம்.

ஆனால் ஈசிஆரைச் சென்னை–புதுச்சேரியை வைத்து எடை போடுவது அநியாயம். சைக்கிளுக்கு அந்தச் சாலையின் மட்டமான பகுதியே அதுதான்: சனி, ஞாயிறு கார்கள், அகலப்படுத்தும் வேலை, பேருந்துகளின் ஹாரன். டிசம்பர் 31 இரவு அந்தப் பக்கம் சைக்கிளோடு தலைவைத்துப் படுக்கக்கூடாது. நல்ல பகுதி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே தொடங்குகிறது. வேளாங்கண்ணிக் கூட்டத்தைக் கடந்துவிட்டால் வண்டிகள் சட்டென்று குறைந்துவிடும். வேதாரண்யம், 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய ஊர், இன்றும் சாலையோரம் உப்புக் குவியல்தான். அங்கிருந்து கோடியக்கரை போய்வர அரைநாள் ஒதுக்கினால் குளிர்காலத்தில் பூநாரையும் வெளிமானும் பார்க்கலாம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம். பிறகு மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை இரண்டாம் சரபோஜி கடலோரம் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. நெப்போலியனுக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடியே அதன் நிழலில் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

கொங்கணத்தில் மால்வண் கரையிலிருந்து சிந்துதுர்க் கோட்டையைப் பார்த்தபோது மனோரா நினைவுக்கு வந்தது. இந்தக் கோட்டை 1664-இல் சிவாஜி கட்டத் தொடங்கியது. சரபோஜி, சிவாஜியின் தம்பி வெங்கோஜியின் வழியில் வந்தவர். இரண்டு சாலையிலும் ஒரே போன்ஸ்லே குடும்பம் கடலைப் பார்த்துக் கல் அடுக்கியிருக்கிறது. ஒன்று போருக்கு, ஒன்று அடுத்தவன் வெற்றிக்கு.

இனி தனிமை. "தனியாகப் போகிறேன்" என்று சொல்லிக் கிளம்புகிறோம், இரண்டு சாலையிலும் அதற்கு அர்த்தம் வேறு. ஈசிஆரில் தனியாக இருக்க விடமாட்டார்கள். மீமிசலில் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்த கையோடு விசாரணை ஆரம்பித்தது.

"எங்கேர்ந்து தம்பி வர்றீக?"

"மெட்ராஸ்லேர்ந்துண்ணே."

"சைக்கிள்லயா? பஸ்சு இல்லையா?"

"இருக்குண்ணே. சும்மா ஓட்டிப் பாப்போம்னு."

பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வீட்ல சண்டையா?" என்றார். கடையே என் பதிலுக்குக் காத்திருந்தது. சண்டையில்லை என்றதை அவர் நம்பவில்லை. ஆனால் டீக்குக் காசும் வாங்க விடவில்லை, அவித்த பனங்கிழங்கு இரண்டைப் பையில் செருகிவிட்டார். பொங்கலை ஒட்டிப் போனால் அந்தப் பக்கம் கிழங்குக்குப் பஞ்சமில்லை.

கொங்கணத்தில் இது நடக்காது. எனக்கு மராத்தி தெரியாது, இந்தி அரைகுறை. "குடூன் ஆலாத்?" என்று கேட்பார்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று அர்த்தம். சென்னை என்றால் கண்ணை விரிப்பார்கள், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். நாலாம் நாள், குஹாகர் தாண்டி, காலையிலிருந்து ஒரு முழு வாக்கியம்கூட வாயில் வரவில்லை என்று உணர்ந்தேன். அன்று ஏற்றத்தில் சைக்கிளோடு பேச ஆரம்பித்திருந்தேன். தமிழில்தான்.

அந்த ஊமைத்தனத்தை உடைத்தது ஃபெர்ரி. கழிகளைக் கடக்க அகர்தண்டா–திகி, பாக்மாண்ட்லா–வேஷ்வி, தாபோள்–தோப்பாவே, தவ்சாள்–ஜெய்கட் என்று நாலு இடத்தில் வண்டி ஏற்றும் படகு, கடைசியில் தெரேகோல் கழியைத் தாண்டினால் கோவா. படகு இப்போதுதான் போனது என்றால் நின்றுதான் ஆக வேண்டும். பைக்காரர், மீன்காரப் பெண்கள், கல்யாணத்துக்குப் போகும் குடும்பம், எல்லாரும் ஒரே கரையில் ஒரே திசையைப் பார்த்து நிற்போம். மொழி இல்லாமலே பழகிவிடும். தாபோளில் ஒரு குடும்பம் என்னைக் கேட்காமலே டிபன் பெட்டியைத் திறந்து முன்னால் நீட்டியது. தொலைந்துபோன இரண்டு நாளில் ஒன்று இந்தக் கரைகளில் கரைந்தது, அதற்கு வருத்தமில்லை. கழிகளின் மேல் பாலம் கட்ட ஏற்பாடாகிவிட்டது. பாலம் வந்தால் ஒரு நாள் மிச்சமாகும், அந்த டிபன் பெட்டி கிடைக்காது.

மற்றொரு நாள் போனது ஹேங்கரால். ரயிலில் லக்கேஜாகப் போட்டு அனுப்பிய சைக்கிள், பின்கியர் தொங்கும் அந்தக் கொக்கி வளைந்து வந்து சேர்ந்தது. இறங்கிய ஸ்டேஷனில் அதை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் ஏற்றத்தில் சங்கிலி கம்பிக்குள் பாய்ந்த பிறகே தெரிந்தது. சங்கிலியைச் சின்னப் பல்சக்கரத்தில் போட்டு, பாதி தூரம் தள்ளிக்கொண்டு அடுத்த ஊர் சேர்ந்தேன். ஊரில் இருந்த ஒரே கடைக்காரருக்குக் கியர் வண்டி பழக்கமில்லை. வெல்டிங் பட்டறைக்காரர்தான் ஸ்பேனரை மாட்டி, கண்ணால் அளந்து நிமிர்த்திக் கொடுத்தார். கோவா வரை தாங்கியது. ரயிலில் போடுவதானால் பின்கியரைக் கழற்றி, துணி சுற்றி, சட்டத்துக்குள் கட்டிவிடுங்கள். ஒரு உபரி ஹேங்கர் பையில் இருக்கட்டும், ஐம்பது கிராம்கூடத் தேறாது.

ஈசிஆரில் ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருக்கிறது, மெல்லிய வால்வுக்குப் பம்பு இருக்காது என்பதைத் தவிரக் குறையில்லை. அங்கே எதிரி வேறு: சீமைக் கருவேலம். தொண்டியிலிருந்து இராமநாதபுரம் வரை இரு பக்கமும் அதுதான், நிழலும் அது ஒன்றுதான். நிழலுக்கு ஒதுங்கினால் முள் டயரில் ஏறும். ஒரே நாளில் மூன்று பஞ்சர் ஒட்டிய பிறகு, வெயிலில் நின்றே தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டேன். ஈசிஆருக்கு 32 மி.மீ. டயர் போதும். முள்ளுக்காகத் தடித்த டயர் போடலாம், வேகத்தில் கொஞ்சம் போகும். கொங்கணத்துக்கு 38-க்குக் குறையக்கூடாது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் 34 பல் சக்கரமாவது இல்லாமல் பை கட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள். முழங்காலுக்கு நல்லதில்லை.

காற்றைப் பற்றி மீனவர்களிடம் கேட்டால் போதும், வானிலைச் செயலி வேண்டாம். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. தை, மாசியில் வாடை இன்னும் அடங்கியிருக்காது. தெற்கு நோக்கிப் போனால் முதுகில் தள்ளும். அதே சாலையில் சித்திரையில் போனால் சோழகம் முகத்தில் அறையும், தட்டைச் சாலையே ஏற்றமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல் பயம். ஆக ஈசிஆருக்குப் பொங்கலிலிருந்து பிப்ரவரி கடைசி வரை ஆறு வாரம். கொங்கணத்தின் சன்னல் அதைவிட அகலம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடற்காற்று வீசும் என்பதால் அங்கேயும் வடக்கிலிருந்து தெற்கேதான் போக வேண்டும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் மும்பையிலிருந்து மாண்ட்வா போகும் சிறு படகுகளே நின்றுவிடும்.

சாப்பாட்டில் நான் நடுநிலை இல்லை. கொங்கணத்தில் மதியம் மீன் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் ஸோல்கடி வைப்பார்கள். நம் குடம்புளியின் உறவான கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இளஞ்சிவப்புக் குடிநீர். வியர்த்து வந்தவனுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. காலையில் மட்டும் அவல் உப்புமா ரகத்தில் போஹா, எட்டு நாளைக்கு மேல் முடியவில்லை. தங்குவதற்குக் கடலோர வீடுகளில் அறை விடுகிறார்கள், சுத்தம். ஆனால் ஆள் ஒன்றானாலும் வாடகை இரண்டு பேருக்கு, வார இறுதியில் இன்னும் ஏறும். ஈசிஆர் லாட்ஜ்கள் மலிவு. ஒரு ஊரில் மட்டும், பெயர் வேண்டாம், தனி ஆளுக்கு அறை தருவதில்லை என்று மூன்று இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது இடத்தில் சைக்கிளை மாடிக்குத் தூக்கிவர அனுமதி கேட்டபோது மேனேஜருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஓடிப்போகிறவன் சைக்கிளில் வருவானா என்றார்.

எதைத் தேர்ந்தெடுப்பது? தனியாகப் போவது இதுதான் முதல் தடவை என்றால் ஈசிஆர், அதுவும் பாதி ஈசிஆர். சென்னையில் தொடங்காதீர்கள். இரவு ரயிலில் நாகப்பட்டினம் போய் இறங்கி, கோடியக்கரைக்கு ஒரு நாள் சேர்த்து, ஐந்து நாளில் நிதானமாக அரிச்சல்முனை. புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டதால் திரும்பும்போது இராமேசுவரத்திலேயே ரயில் ஏறலாம். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த வசதி இல்லாமல் இருந்தது. ஏதாவது கோளாறு என்றால் கைகாட்டி நிறுத்தி, நம் மொழியில் சொல்லி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். முதல் பயணத்தில் அந்தத் தைரியம் பெரிசு.

காலில் பலமும் கையில் பத்து நாளும் இருந்தால் கொங்கணம். எட்டு நாளுக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். ஒன்பதாம் நாள் காலை, வேங்குர்லாவுக்கு முன்னால் ஒரு ஏற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, ஆபீசுக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று சொன்னேன். இரைத்த மூச்சைக் கேட்டு நம்பிவிட்டார்கள்.