ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்: கேஜா, முழு ஷீல்டா, அரை வைசரா?

முகத்துக்கு எதை மாட்டுவது என்று கேட்டால் என் ஓட்டு கேஜுக்குத்தான். கம்பிக் கூண்டு பார்க்க அழகில்லை, சரி. ஆனால் மூச்சுப் பட்டு மங்காது, கீறல் விழுந்ததே என்ற கவலை இல்லை, காற்றும் தாராளமாக வரும். காலடியில் கிடக்கும் பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டை) தேடும்போது கம்பி குறுக்கே நிற்பதுபோல் முதலில் எரிச்சலாக இருக்கும். பழகிவிட்டால் கண் அதைக் கண்டுகொள்ளாது.

பாலிகார்பனேட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆன முழு ஷீல்டில் பார்வை நன்றாகத் திறந்திருக்கும். சிக்கலே மூச்சுதான்: குளிர்ந்த அரங்கில் சூடான மூச்சுக்காற்று பட்டதும் உட்புறம் மங்கும். அதைத் தடுக்கும் பூச்சும் நாளடைவில் தேய்ந்துவிடும். கரடுமுரடான துணியால் துடைத்தால் கீறல் விழும். மேலே ஷீல்டு, கீழே கம்பி என்று ஒரு கலப்பு வகையும் உண்டு. மூச்சு கம்பி வழியே வெளியேறுவதால் மங்கல் குறைவு.

முகத்தின் மேல்பாதியை மட்டும் மறைக்கும் அரை வைசர் மீது ஆசை வருவதற்குக் காரணம், தொலைக்காட்சியில் வரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆனால் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லிலேயே 2013-14 பருவத்தில்தான் வைசர் கட்டாயமானது, அதுவும் 26 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியிருந்தவர்களுக்கு. அரை வைசர் கண்ணைக் காக்கும். பல்லும் தாடையும் உங்கள் பொறுப்பு. பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கியை நிர்வகிக்கும் யூஎஸ்ஏ ஹாக்கி அமைப்பு இளையோர் ஆட்டங்களில் முழு முகக் காப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

எதை எடுத்தாலும், ஹெல்மெட் பொருந்தாவிட்டால் காசு வீண். முன்விளிம்பு புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் நிற்கவேண்டும். நெற்றி தெரியப் பின்னால் தள்ளிப் போட்டால் அரை வைசரும் கூடவே மேலேறி, கண்ணுக்கு நேரே இடைவெளி விழும். தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். தொளதொளவென்று விட்டால் முதல் மோதலிலேயே ஹெல்மெட் கழன்றுவிடும். கேஜ் மாட்டினால் தாடை அதன் கிண்ணத்தில் பதிந்து உட்காரவேண்டும்.

அப்புறம், தலையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தனியாக நகர்ந்தால் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி அளவைக் குறையுங்கள். அப்படியும் ஆடினால் வேறு அளவு கேளுங்கள். தலைமுடியை எப்படிக் கட்டி ஆடுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டுதான் கடையிலும் போட்டுப் பார்க்கவேண்டும்.