கிரிப்பில் சிவப்பு விழுந்தவர் கார் எடுப்பது: லீசிங்கா, வங்கியா, அடகா?

திருகோணமலையில் கடன் கணக்குக் கெட்டுப் போனவர்களை எல்லாம் ஊதாரிகள் என்று நினைத்துவிட முடியாது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வான் ஓடியவர், புறாத்தீவுக்குப் படகு விட்டவர், இரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர் என்று பலருக்கு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போடு தொழில் படுத்தது. எழும்புவதற்குள் 2020-இல் கொரோனா, பிறகு 2022-இல் பெற்றோல் வரிசை. சலுகைக் காலம் தந்தார்கள், அது முடிந்ததும் சேர்ந்த வட்டியோடு தவணை திரும்பி வந்தது. கட்ட முடியாமல் போனவர்களின் பெயர், கடன் விபரங்களைச் சேர்த்து வைக்கும் கிரிப்பில் (CRIB) நிலுவையோடு ஏறியது.

2020-இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் சொந்தப் பாவனை வாகனங்களுக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து ‘எனக்கு யார் கடன் தருவாங்கள்?’ என்ற கேள்வி பல வீடுகளில் ஓடுகிறது. என்னைக் கேட்டால், தருவதற்கு யாரோ ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் கையில் எதைப் பிடித்துக்கொண்டு தருகிறார், மார்கழி மழையில் ஒரு தவணை தவறினால் எதைத் தூக்குவார் என்பதை வைத்துத்தான் நான் இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் கிரிப் பற்றி ஒரு விஷயம். கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம்; 1990-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ‘கிரிப்பில் பிளாக்லிஸ்ட் பண்ணிட்டாங்கள்’ என்று ஊரில் சொல்வது சரியில்லை. அங்கே கறுப்புப் பட்டியல் கிடையாது. வங்கிகளும் பினான்ஸ் கம்பனிகளும் அனுப்பும் விபரம் அங்கே சேர்கிறது. கடன் தருவதா இல்லையா என்பதைத் தருபவர்தான் முடிவு செய்கிறார். உங்கள் கடன் நாணயத்துக்கு அங்கே போடும் புள்ளி 250-இலிருந்து 900 வரை. திரும்பிய காசோலையும் கிரிப் அறிக்கையில் தெரியும், நீங்கள் பிணை நின்ற கடனும் தெரியும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் அதிர்ந்து போகிறார்கள். தான் ஒரு சதமும் கடன் வாங்கவில்லை, மச்சானுக்கு லீசிங்கில் கையெழுத்து மட்டும் வைத்தவர், அல்லது குழுக்கடனில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிணை நின்றவர், அந்த நிலுவையைத் தன் அறிக்கையில் பார்க்கிறார். ஆகவே எந்த வழிக்குப் போனாலும் முதலில் உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். பிழையான பதிவு இருந்தால், அதை அனுப்பிய நிறுவனத்தைக் கொண்டே திருத்த வேண்டும். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று கிடந்தால் அதைச் சரிசெய்வதே பாதி வேலை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். கார் 40 இலட்சம், கையில் 20 இலட்சம், கடன் 20 இலட்சம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்கும் கடன் கிடைக்கும் என்ற நினைப்பு வேண்டாம். வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் தரலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-இல் ஓட்டோவுக்கு அதை 25 வீதமாக இறக்கியதை ஓட்டோக்காரர் யாரும் மறக்கவில்லை. இந்த வரம்பு அடிக்கடி மாறுவதால் எடுக்கிற மாதத்தில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியா, பினான்ஸ் கம்பனியா

வங்கி மலிவு. அதில் வாதமே இல்லை. 20 இலட்சத்துக்குக் குறையும் மீதியில் (கட்டக் கட்டக் குறைந்து வரும் மீதிக்கு மட்டும் வட்டி) ஆண்டுக்கு 14 வீதம் என்றால் மாதம் ஏறத்தாழ 46,500 ரூபாய், ஐந்து வருடத்தில் வட்டி 8 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே கடன் 24 வீதத்துக்கு என்றால் மாதம் 57,500, வட்டி பதினான்கரை இலட்சம். இந்த இரண்டு வீதமும் உதாரணத்துக்குத்தான்; ஆனால் கிரிப் கெட்டவருக்கும் கெடாதவருக்கும் நடுவில் உள்ள தூரம் எப்படிக் காசாக மாறுகிறது என்பதை இது காட்டும். மாதம் 11,000 ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் ரியூசன் காசு.

மலிவுதான், ஆனால் கிடைக்காது. நிலுவை இன்னும் தீராமல் வங்கிக்குப் போனால் கிளை மேலாளர் தெரிந்தவராக இருந்தாலும் கையை விரிப்பார். நிலுவையைத் தீர்த்து, தீர்த்த கடிதத்தை வாங்கி, அதன் பிறகு ஒரு சிறிய கடனையோ அட்டையையோ பிசகாமல் கட்டிக் காட்டியவருக்குக் கதவு கொஞ்சம் திறக்கும். அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். திருகோணமலையில் உத்தியோகத்தருக்குப் பஞ்சமில்லை. மாகாண சபைத் தலைமையகமே இங்கேதான். ஆனால் கையெழுத்து வைக்க ஆள் கிடைப்பது இப்போது கல்லில் நார் உரிக்கிற வேலை. பிணை நின்று சம்பளத்தில் வெட்டு வாங்கியவர்களின் கதை ஒவ்வொரு கந்தோரிலும் ஒன்று இருக்கிறது.

காணியை ஈடு வைக்கலாம் என்றால் அதிலும் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பலரிடம் இருப்பது காணி உறுதிப்பத்திரம் அல்ல, அரச அனுமதிப்பத்திரம். அதை வைத்து வங்கியில் கடன் எடுப்பது பிரதேச செயலகத்தைக் கடந்துதான் நடக்கும். காருக்காக அந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள்.

கிரிப் கெட்டவருக்கும் வங்கி சிரித்த முகத்தோடு தரும் கடன் ஒன்று உண்டு: நிலையான வைப்பின் மீது கடன். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் 20 இலட்சத்தை உங்களுக்கு அனுப்பினால் அது போன காசு. அதைத் தன் பெயரில் வைப்பாகப் போட்டு, அதன் மீது உங்களுக்குக் கடன் எடுக்கச் சம்மதித்தால் முதல் அவருடையதாகவே இருக்கும், அதற்கு வட்டியும் வரும். கடன் வட்டி வைப்பு வட்டியை விடச் சில புள்ளிகள்தான் கூட இருக்கும். நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அண்ணனின் வைப்பில் கை வைக்கும் என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று சொல்லி வாங்குவது அழகில்லை.

இனி லீசிங் தரும் பினான்ஸ் கம்பனி. இங்கே கிரிப்பைப் பார்க்காமல் தருவதில்லை. பார்த்துவிட்டும் தருவார்கள், அதுதான் வித்தியாசம். அவர்களுடைய தைரியம் உங்கள் நாணயத்தில் இல்லை, வாகனத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 56-ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் லீசிங் முடியும் வரை கார் அவர்களுடையது. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள், நீங்கள் வெறும் பதிவு உரிமையாளர். முற்பணம் கூடக் கட்டினால், அதாவது பாதிக்கு மேல் உங்கள் காசு உள்ளே போனால், பழைய நிலுவையை ஓரளவு கண்டும் காணாமலும் விடுவார்கள். கார் உடனே கைக்கு வரும். பலருக்கு இருக்கும் ஒரே நடைமுறை வழி இதுதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மூன்று இடத்தில் கண்ணைத் திறந்து வையுங்கள். முதலாவது வட்டி சொல்லும் விதம். ‘பத்து வீதம்தான் அண்ணே’ என்பார்கள். அது பிளாட் வீதமா என்று கேளுங்கள். 20 இலட்சத்துக்கு ஐந்து வருடம் பத்து வீதம் பிளாட் என்றால் வட்டி 10 இலட்சம், மாதம் 50,000. நீங்கள் மாதா மாதம் முதலைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள், வட்டியோ ஐந்து வருடமும் முழு 20 இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் மீதியில் கணக்குப் பார்த்தால் இது 17 வீதத்துக்கும் மேல். மேலே வங்கிக்குச் சொன்ன 14 வீதத்தை விட இந்தப் பத்து வீதம்தான் விலை கூட. இரண்டு இடத்து விலையை ஒப்பிட வீதத்தைப் பார்க்காதீர்கள், மாதத் தவணையை மாதங்களால் பெருக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, வட்டிக்கு வெளியே போகும் காசு. லீசிங் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி கட்டாயம், மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு தப்ப முடியாது. ஆவணக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் தனி. இடையில் காசு வந்து முழுதாக முடிக்கப் போனால் மீதி வட்டியில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, சீசிங். தவணை சேர்ந்தால் வாகனத்தைத் தூக்குவார்கள். தூக்கிய கூலியும் நிறுத்தி வைத்த வாடகையும் உங்கள் கணக்கில் ஏறும். விற்ற காசு நிலுவைக்குப் போதாவிட்டால் மிச்சத்தையும் உங்களிடமே கேட்பார்கள். நான்கு வருடம் கட்டியவரும் ஒரு மழைக்காலத்தில் காரை இழக்கலாம். நம்மூர் வருமானம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை ஓடி, ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் படுத்துவிடும். கடற்றொழிலுக்கும் இதே நிலைதான். இதைச் சொல்லி, சீசன் மாதங்களில் கூடவும் மழை மாதங்களில் குறைவாகவும் தவணை போடும்படி கேளுங்கள். சில கம்பனிகள் செய்து தருகின்றன. கேட்காதவருக்கு யாரும் தானாகச் செய்து தருவதில்லை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இஜாரா என்ற இஸ்லாமிய நிதி முறையில் எடுப்பவர்கள் உண்டு. மார்க்க ரீதியாக அது வேறு ஒப்பந்தம், வட்டி இல்லாமல் வாடகையாகக் கணக்கு. ஆனால் கிரிப் விடயத்தில் அங்கும் இதே கேள்விதான் கேட்பார்கள், கட்டாவிட்டால் வாகனம் போவதும் அப்படியே.

அடகு

இதைச் சொன்னால் வீட்டில் முகம் சுளிப்பார்கள், தெரியும். கணக்காகப் பார்த்தால் கிரிப் கெட்டவருக்கு இதுதான் அவமானம் குறைந்த வழி. இலங்கை வங்கியோ மக்கள் வங்கியோ, அடகுக் கவுண்டரில் நகையை உரசிப் பார்ப்பார்கள், உங்களை உரசிப் பார்ப்பதில்லை. பிணையாளி வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம். 2025-இல் பவுண் விலை இரண்டு இலட்சத்தைத் தாண்டி ஓடியதால் முன்பு இரண்டு காப்புக்குக் கிடைத்தது இப்போது ஒன்றுக்குக் கிடைக்கிறது. கார் முழுதாக உங்கள் பெயரில் இருக்கும். கைக்கு வரும்போது வரும்போது முதலைக் குறைக்கலாம். மழைக்காலத்தில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம். சீசனுக்குச் சீசன் வருமானம் வரும் ஊருக்கு இந்த நெகிழ்வு பெரிய விஷயம்.

குறை என்ன? போனால் போவது உங்கள் நகை அல்ல, பெரும்பாலும் உங்கள் மனைவியின் நகை. தவணை முடிந்தும் மீட்காவிட்டால் ஏலம். லீசிங்கில் கார் போகிறது, இங்கே தாலிக்கொடி போகிறது. காரின் பெறுமதி வருடா வருடம் தேயும், பவுணின் பெறுமதி அப்படித் தேய்வதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முடிவு எடுக்க வேண்டியவர் நகைக்காரிதான். அதோடு 20 இலட்சத்தையும் அடகில் எடுக்க நினைக்காதீர்கள். ஐந்தாறு இலட்சத்தை அடகில் எடுத்து முற்பணத்தைக் கூட்டினால் லீசிங் கடன் சிறுக்கும், தவணையும் தாங்கக்கூடியதாகும். இரண்டையும் கலந்து எடுப்பதே பலருக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

மற்ற வழிகள் இரண்டு வரிக்கு மேல் தகுதியில்லாதவை. மீற்றர் வட்டிக்காரர் கிரிப் பார்க்க மாட்டார். நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் வருடம் அறுபது வீதம், காருக்கு அது கட்டுப்படியாகாது. ஒருவர் பெயரில் ஓடும் லீசிங்கை ‘மிச்சத்தை நீ கட்டு’ என்று கைமாற்றி எடுப்பது அதைவிட மோசம். நீங்கள் ஒழுங்காகக் கட்டக் கட்ட நல்ல பெயர் அவருக்கு, வாகனப் புத்தகத்திலும் அவர் பெயர். அவர் வேறு கடனில் மாட்டினால் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்? கம்பனியின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றினால் மட்டும் சரி. மனைவி பெயரில் எடுப்பதில் தவறில்லை, அவருக்குத் தனி வருமானம் இருந்தால். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் ஒரே சுத்தமான கிரிப்பையும் அடகு வைக்கிறீர்கள்.

சீட்டும் சிக்கனக் கடன் சங்கமும் காருக்குப் போதாது. ஆனால் பழைய நிலுவையைத் தீர்க்கப் போதும். கார் அவசரமில்லாதவர், அதாவது வாடகைக்கு ஓட அல்லாமல் வீட்டுத் தேவைக்கு எடுப்பவர், இந்த வருடச் சீட்டை எடுத்து நிலுவையை முடித்துவிட்டு அடுத்த சீசனுக்குப் பிறகு வங்கிக்குப் போவதையே நான் முதலில் வைப்பேன். வான் ஓடிப் பிழைப்பவருக்கு அந்தக் காத்திருப்பு கட்டாது. அவருக்கு அடகு முற்பணமும் சிறிய லீசிங்கும்.

எதில் கையெழுத்து வைத்தாலும் ஒப்பந்தத்தின் பிரதியைத் தமிழில் கேளுங்கள். நிரப்பாத படிவத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வேண்டாம். ஆள் மத்திய வங்கி அனுமதி பெற்ற நிறுவனமா என்று பட்டியலில் பாருங்கள். தகராறு வந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது.